கணக்குக்கு நாலு பேர்

பயிற்சி என்றாலே எனக்கு எரிச்சல்தான். இத்தனை வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவனை ஒரு ஹாலில் உட்காரவைத்து, கையில் ஐஸ் குச்சியைக் கொடுத்து, "இப்ப நீங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளை" என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சாத்தூர்ப் பக்கம் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் கடைசி வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, டீ வருகிற வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது என் வழக்கம். அந்த ஆட்டத்தை நிறுத்தியவர் ஞானசுந்தரி டீச்சர்.

அவர் எங்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநர். பள்ளி பள்ளியாகப் போய், புதிதாக வருகிற பாடமுறைகளை எங்களைப் போன்ற பழைய மாடுகளுக்குப் பழக்குகிற வேலை. திருத்திய கணக்குப் பாடத்திட்டம் வந்த வருஷம், அதற்கான முதல் பயிற்சியில் அவர் போர்டில் எழுதியது ஒரே ஒரு கணக்கு. இருபத்தாறு பேர் இருக்கிறார்கள், ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம், எத்தனை பெஞ்சு வேண்டும்?

"ஈவு ஆறு, மீதி ரெண்டு" என்றேன் பின்னாலிருந்து. இதற்கெல்லாம் ஒரு பயிற்சியா என்ற குரலில்தான் சொன்னேன்.

"சரி சார். அந்த மீதி ரெண்டு பேரும் எங்க உக்காருவாக?"

"தரையில."

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்த விடை எப்படி வந்துச்சு சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மீதியை எழுதி அடியில் கோடு போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் நானும் படித்தேன், பிள்ளைகளுக்கும் சொன்னேன். அந்த ரெண்டு பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மீதியை என்ன செய்வது என்று பிள்ளையே யோசித்து முடிவு செய்ய வேண்டும், இடத்துக்கு ஏற்றபடி அதை விட்டுவிடலாம், பங்கு போடலாம், இல்லையென்றால் இன்னொரு பெஞ்சு கொண்டுவரலாம் என்பதுதான் புதுப் பாடத்திட்டம் சொன்னது.

அவர் அச்சங்குளத்துக்காரர். அப்பா சங்கையா மானாவாரி நிலத்தில் கூலிக்குப் போனவர். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. அக்கா பாண்டிலட்சுமி எட்டாம் வகுப்போடு நின்று பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியதால்தான் தங்கச்சி சாத்தூரில் கல்லூரிக்குப் போய்க் கணிதம் படிக்க முடிந்தது. இதை ஞானசுந்தரி மறைக்கவும் மாட்டார், மேடை போட்டுச் சொல்லவும் மாட்டார். "எங்கக்கா குழாய்க்குள்ள மருந்து செலுத்தினா, நான் மண்டைக்குள்ள கணக்கைச் செலுத்தினேன்" என்று ஒரு தடவை டீ குடிக்கும்போது சொன்னார். வெடிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம்.

ஆள் கொஞ்சம் குள்ளம். குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். வெயிலோ மழையோ, ஸ்கூட்டியில் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. பாட்டில் மூடி, புளியங்கொட்டை, முட்டை அட்டை, பழைய காலண்டர் என்று எங்கள் ஊர்க் காயலான் கடைக்காரர் பொறாமைப்படுகிற அளவுக்குச் சாமான் இருக்கும். பிள்ளை தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார். "எப்படி வந்துச்சு?" என்பார். சரியாகச் சொன்னாலும் அதே கேள்விதான். இதனால் அவர் வருகிற நாளில் என் வகுப்பில் ஒரு பாடம்கூட முடியாது.

அந்த வருஷம் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. புதுப் பாடத்திட்டத்தைப் பார்த்து மிரண்டுபோயிருக்கிற ஆசிரியர், அதைத் திறந்தால் மறுநாள் வகுப்புக்கு வழி கிடைக்க வேண்டும். கணக்குகள் எல்லாம் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்பது விதி. பாடப்புத்தகத்தில் ஆப்பிளும் ரயிலுமாகக் கிடக்கிற கணக்குகளைப் பார்த்து ஞானசுந்தரிக்கு எப்போதுமே கோபம். "ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பிள்ளைக்கு ரயிலு எதுக்கு சார்? அவுக அம்மா தினம் போற எடத்துல கணக்கே இல்லையா?" என்பார்.

அதனால் மீதி பாடத்துக்கு அவர் பெஞ்சை எடுத்துவிட்டு, பட்டாசுக் கம்பெனி அறையைப் போட்டார். மருந்து அறைகளில் வெளிச்சுவரிலேயே எத்தனை ஆள் உள்ளே இருக்கலாம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஆனாலும் எதையும் விசாரிக்காமல் எழுதுகிறவர் அல்ல. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டாராம்.

"உன் ரூம்ல எத்தனை பேரு அக்கா?"

"நாலு."

"தீபாவளி சீசன்லயும் நாலுதானா?"

"நாலுதாண்டி. செவுத்துல எழுதிப் போட்ருக்குல்ல."

இப்படித்தான் அந்தக் கணக்கு உருவானது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நான்கு பேர் மட்டுமே வேலை செய்யலாம். இன்று வந்திருப்பவர்கள் இருபத்தாறு பேர். எத்தனை அறைகள் வேண்டும்? விடை ஏழு. ஆறு அறைக்குப் பிறகு மீதி வருகிற இரண்டு பேருக்கு இன்னோர் அறை. அச்சுக்குப் போகும் முன் என் வகுப்பில் சோதித்துப் பார்க்கப் பயிற்சித்தாளோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்கா உட்கார்கிற அறை ஆசிரியர் கையேட்டுக்குள் வரப்போகிறதே.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில் உள்ளது. பாண்டிலட்சுமியைக் கட்டிக்கொடுத்ததும் இதே ஊரில்தான், பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு. என் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் காலையில் பாண்டிலட்சுமி ஏறுகிற வேனிலேயே ஏறுகிறவர்கள்.

தாள்களைத் திருத்தியது நான்தான். ஒருவர்கூட ஏழு என்று எழுதவில்லை. எல்லோரும் ஆறு. அனுப்பிரியா மட்டும் மூன்று. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றால் பொய்யில்லை. "பாத்தீகளா டீச்சர், உங்க புது முறையை?" என்று சிவப்பு மையில் பெருக்கல் குறியாகப் போட்ட தாள்கட்டை நீட்டினேன்.

அவர் அதை வாங்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அருள்பாண்டி, ஆறு எப்படி வந்துச்சு?"

"ஆறு ரூம்லயும் நாலு நாலு பேரு இருக்காக. மீதி ரெண்டு பேரையும் அதுக்குள்ளயே உக்கார வச்சிருவாக டீச்சர்."

"நாலு பேருதான் இருக்கலாம்னு போட்டிருக்கே?"

"அது போட்டிருக்கும்" என்றான், அது ஒரு விஷயமே இல்லை என்பது மாதிரி.

"அனுப்பிரியா, உனக்கு மூணு எப்படி வந்துச்சு?"

அனுப்பிரியா சண்முகத்தாயின் மகள். சண்முகத்தாய் வீட்டிலேயே காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பவர். பிள்ளை எழுந்து நின்று, விரல் விட்டுக்கூட எண்ணாமல் சொன்னாள். "ரூமுக்கு ஒம்பது பேரு டீச்சர். ரெண்டு ரூம்ல பதினெட்டு. மீதி எட்டுப் பேரு. அவுகளுக்கு இன்னொரு ரூம். மூணு."

கணக்கு சுத்தமாக இருந்தது. மீதியை அவள் விட்டுவிடவும் இல்லை. புதுப் பாடத்திட்டம் என்ன கேட்டதோ அதை அப்படியே செய்திருந்தாள்.

"ஒம்பதுன்னு யாரு சொன்னா?"

அவள் சொல்வதற்குள் அருள்பாண்டி முந்திக்கொண்டான். "எங்கம்மா ரூம்ல அம்புட்டுப் பேருதான் டீச்சர். பாண்டிலட்சுமி அத்தையும் அங்கனதான் இருக்காக."

அவனுக்கு அது டீச்சருடைய அக்கா என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஞானசுந்தரி எதையாவது செய்தாக வேண்டும் என்பது போல, பையிலிருந்து முட்டை அட்டையை எடுத்தார். "ஒரு அட்டையில முப்பது முட்டை. சத்துணவுக்கு நூறு முட்டை வந்திருக்கு. எத்தனை அட்டை வேணும்?"

"நாலு!" வகுப்பு மொத்தமும் கத்தியது. மூன்று அட்டை நிரம்பும், மீதி பத்து முட்டைக்கு இன்னோர் அட்டை. ஒருவன்கூடத் தப்பு விடவில்லை.

"மூணு அட்டையிலயே நெருக்கி வைக்கலாம்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அனுப்பிரியாதான் பதில் சொன்னாள். "முட்டைய நெருக்கி வச்சா ஒடைஞ்சிரும்லா, டீச்சர்."

பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. மனுஷர்கள் என்றால் நெருக்கிக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த யாரோவில் நானும் உண்டு. நான் போட்ட சிவப்புக் குறிகளைப் பார்க்கவே கூசியது.

சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்கு ஞானசுந்தரி அக்கா வீட்டுக்குப் போனார். நீங்களும் வாங்க சார் என்றார். நான் இருந்தால் அக்கா கத்த மாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

பாண்டிலட்சுமி அப்போதுதான் வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். என்ன தேய்த்தாலும் மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி நகக்கண்ணை விட்டுப் போவதில்லை. எங்களைப் பார்த்ததும், "வாங்க சார், உக்காருங்க. என்ன இவளையும் கூட்டிட்டு வந்திருக்கீக?" என்று சிரித்தார்.

"அக்கா, உன் ரூம்ல எத்தனை பேரு?"

"என்னடி இது, வந்ததும் வராததுமா? நாலுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"ஒம்பதுன்னு பிள்ளைக சொல்லுது."

பாண்டிலட்சுமி என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நீ எதுக்குடி கேட்ட? கணக்குக்குத்தான கேட்ட? கணக்குக்கு நாலுதான்."

கணக்கு, நான் காலமெல்லாம் போர்டில் எழுதுகிற சொல். ஆனால் அதே சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு பிழைப்பும் இருக்கிறது. கணக்குக்கு நாலு என்றால், கேட்கிறவருக்குச் சொல்கிற நாலு. ஆபீசர் வந்து கேட்டால் நாலு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால் நாலு. கூடப் பிறந்தவள் கேட்டபோதும் வாய் பழகின பழக்கத்தில் நாலு. பாண்டிலட்சுமி பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. தங்கச்சி கணக்கு டீச்சர், அவளுக்குத் தேவையானது கணக்குக்கு உள்ள எண் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"நான் அதைப் புஸ்தகத்துல போட்டுட்டேன்க்கா" என்றார் ஞானசுந்தரி. "இந்த வட்டாரத்துல இருக்க வாத்தியார் எல்லாரும் சொல்லிக் குடுக்கப்போறாக."

"சொல்லிக் குடுக்கட்டுமே. நல்லதுதான? நாலு பேரு இருக்கதுதான ரூல்சு?"

"அந்த ரூம்ல இருந்து நீ வெளிய வந்துரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீ வெளிய வந்துரு."

"இப்ப சீசன். ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. இப்ப எப்படி வர?" பிறகு சட்டென்று முகம் மாறி, "இங்க பாரு, ஆபீசருக்கு மனு கினு எழுதிப்புடாத. கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாகன்னா வேன்ல வர்ற அம்புட்டுப் பேரும் என் வாசல்ல வந்து நிப்பாக. எந்த முகத்தோட நான் பதில் சொல்லுவேன்?" என்றார்.

ஞானசுந்தரி அழுதார். எனக்குத் தெரிந்து எந்த அதிகாரி முன்னாலும் கண்கலங்காத மனுஷி. அழுகைக்கு நடுவில், அனுப்பிரியா முட்டையைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார். பாண்டிலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. "யாரு பெத்த பிள்ளைடி அது?" என்றார். சண்முகத்தாய் மகள் என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து ஞானசுந்தரி எங்கே இருந்தாலும், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும், வேன் திரும்புகிற நேரத்துக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் போடுவார். "வந்துட்டியா?" அவ்வளவுதான். பதில் வந்ததும் உள்ளே போய்விடுவார். போன் எடுக்கத் தாமதமானால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. மனு எழுதவா வேண்டாமா என்று என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். எழுதுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதாதீர்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கையேட்டில் அந்தக் கணக்கைத் தூக்கிவிடலாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறதே, முட்டையை மட்டும் போட்டால் போதாதா என்றார்கள். ஞானசுந்தரி ஒத்துக்கொள்ளவில்லை. முட்டையையும் அறையையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தார். கீழே ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: 'இரண்டு கணக்கிலும் மீதியை ஒரே மாதிரி நடத்தினார்களா? இல்லையென்றால் தவறு என்று சொல்லாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.' வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்த முதல் கையேடு அதுதான்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், ஸ்கூட்டியைச் சரியாக நிறுத்தக்கூடச் செய்யாமல் ஓடி வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். "சார், எங்கக்கா வெளிய வந்துட்டா!"

யாரும் சண்டை போடவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. பாண்டிலட்சுமியே போய் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார், இனிமேல் குழாய் உருட்டத்தான் வருவேன் என்று. கூலி குறைச்சல்தான். ஏனென்று கேட்ட தங்கச்சியிடம் அவர் சொன்னதை ஞானசுந்தரி அக்கா குரலிலேயே சொல்லிக் காட்டினார். "பக்கத்துல இருக்கவ முழங்கை என் மேல இடிக்கிறப்பல்லாம் அந்த முட்டைதாண்டி நெனப்புக்கு வருது. கை ஓடல." சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பாடத்தால் ஓர் உயிர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கையேடு அச்சாகி வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஞானசுந்தரி எங்கள் வகுப்புக்குத்தான் வந்தார். இந்தப் பிள்ளைகளால்தானே அந்தப் பக்கம் அப்படி அமைந்தது. அதே கணக்கைப் போர்டில் எழுதி, நோட்டில் போடச் சொன்னார். மற்றவர்கள் முனகிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிரியா எழுந்து வந்து நோட்டை நீட்டினாள். விடை ஏழு.

ஞானசுந்தரியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏழு எப்படி வந்துச்சு கண்ணு?"

"ரூமுக்கு நாலு பேரு. ஆறு ரூம் நெறைஞ்சிரும். மீதி ரெண்டு பேருக்கு இன்னொரு ரூம்."

"முன்னாடி ரூமுக்கு ஒம்பது பேருன்னு சொன்னியேம்மா?"

அனுப்பிரியா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "இல்ல டீச்சர், நாலுதான். யாரு கேட்டாலும் நாலுன்னுதான் சொல்லணும்னு எங்கம்மா சொல்லிருக்கு. அம்மா இப்ப மருந்து ரூமுக்குப் போகுது. பாண்டிலட்சுமி அத்தை இருந்த எடம் காலியாத்தான கெடந்துச்சு."

ஞானசுந்தரி என்னிடம் சிவப்புப் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். கையேட்டின் பின்பக்கத்தில் அவரே எழுதிய விடைக்குறிப்பில் ஏழு என்றுதான் இருக்கிறது. பேனாவை நோட்டுக்கு மேலே பிடித்தபடியே நின்றார், கை இறங்கவில்லை. நானாவது வாங்கி அந்தச் சரிக்குறியைப் போட்டிருக்கலாம். என்னாலும் முடியவில்லை.

"சரி போடுங்க டீச்சர்" என்றாள் அனுப்பிரியா.